இரத்தத்தில் தெரியும் ஒட்டு

சென்ற வாரம் மாத்திரையாகவும் ஊசியாகவும் விளையாட்டு வீரரின் உடலில் ஏறும் ஊக்க மருந்துகளைப் பார்த்தோம். இவ்வாரம் பார்க்கவிருப்பது, அம்மருந்தைச் சரீரமே உற்பத்தி செய்துகொள்ளும்படி மரபணுவையே உள்ளே செலுத்திவிடும் மோசடி.

காங்கேயம் வட்டாரத்தாருக்கு வம்ச குணத்தின் மகிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் முதலியோர் பொலிகாளைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து நிலைநிறுத்திய திடகாத்திரம், அந்த மாட்டின் ஒவ்வோர் உயிரணுவிலும் உறைந்து, தலைமுறை தலைமுறையாகக் கன்றுக்கும் இறங்குகிறது. மனிதரிலும் அவ்வாறு பிறவியிலேயே வரம் பெற்றவர்கள் உண்டு. 1964ஆம் ஆண்டு இன்ஸ்ப்ருக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மேன்டிரன்டாவின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுந்திருந்தமையால் அவர்மீது சந்தேகம் விழுந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் அவர் குடும்பத்தாரையே ஆராய்ந்தவர்கள், அது பரம்பரையாக வந்த மரபணு மாற்றத்தின் விளைவென்று கண்டார்கள். ஆகவே, சிவப்பணு கூடியிருப்பதை மாத்திரம் வைத்து எவரையும் குற்றவாளியாக்குவது அநியாயம். பிறவியில் வந்தது எது, புகுத்தப்பட்டது எது என்று பிரித்தறியச் சாட்சியம் வேண்டும்.

அச்சாட்சியம் இரத்தத்திலேயே இருக்கிறது. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனுக்குரிய மரபணு, ஐந்து பகுதிகளாக, நடுநடுவே இன்ட்ரான் எனப்படும் நான்கு இடைத்துண்டுகளோடு நம் உடலில் அமைந்திருக்கிறது. வைரஸில் ஏற்றி அனுப்ப ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் பிரதியிலோ, பொதுவாக அவ்விடைத்துண்டுகளை நீக்கி, ஐந்தையும் அடுத்தடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பனியன் துணியில் நடுத்துண்டை வெட்டியெடுத்து ஓரங்களைச் சேர்த்தால் அந்தத் தையல் எப்படித் தேர்ந்த கண்ணுக்குத் தப்பாதோ, அப்படியே, இயற்கையான மரபணுவில் ஒருபோதும் சேர்ந்து வராத இரு முனைகள் கூடும் அவ்வொட்டை, கொரோனா நாட்களில் நாம் எல்லோரும் பெயரறிந்த பி.சி.ஆர். பரிசோதனை தேடிப் பிடித்து, பன்மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடுகிறது. இம்மோசடியை 2003இலேயே தடைசெய்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, இந்தப் பரிசோதனைக்கான வழிகாட்டு நெறிகளை 2021இல் வெளியிட்டது.

பதக்கம் பறிபோவதைவிட உயிருக்கு நேரும் அபாயமே என்னை அதிகம் கலக்குகிறது. 2004இல் வெளியான ஆய்வுகளில், இம்மரபணு செலுத்தப்பட்ட மகாக் குரங்குகள் சிலவற்றின் எதிர்ப்புச் சக்தி, வந்த ஹார்மோனோடு சொந்த ஹார்மோனையும் சேர்த்து எதிர்த்தமையால், அவற்றுக்குக் கடும் இரத்தசோகை கண்டது. இதே வித்தைதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ஹீமோபிலியாவால் அவதியுற்ற ஐவருக்கு, அவர்களுடைய இரத்த ஸ்டெம் செல்களிலேயே குறைபட்ட மரபணுவின் நல்ல பிரதியை ஏற்றி, ஓயாத இரத்தக்கசிவை நிறுத்தியது. 2024 டிசம்பரில் அம்முடிவுகள் வெளியாயின. அங்கே ஒவ்வோர் அடியிலும் மருத்துவர்களின் கண்காணிப்பு இருந்தது. ரகசியமாக ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞனுக்கு அந்தக் காவல் கிடையாது.

இருக்கிற மரபணுவை இருந்த இடத்திலேயே திருத்தும் கிரிஸ்பர் முறையில் இத்தகைய ஒட்டு இராமற் போகலாம். எனினும், சேகரித்த மாதிரிகளைப் பத்தாண்டுகள் வரை பாதுகாத்து, புதிய பரிசோதனை தோன்றுந்தோறும் மறுபடி சோதிக்க விதிகள் இடம் தருகின்றன. கிரிஸ்பரைக் கண்டறியும் முயற்சிகளை அடுத்த வாரம் பார்ப்போம்.