நலமுள்ளவர் ஏன் விலகுகிறார்?

ஆரோவும் டெப்ரூவும் 1954-ல் வகுத்த பொருளாதாரச் சமநிலைக் கொள்கையில் வாக்குத் தவறுவோர் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை. நாம் வாழும் உலகமோ அத்தகையதன்று.

ஒரு கணக்கைப் பாருங்கள். 100 பேர் நோய் இன்ஷூரன்ஸ் கேட்கின்றனர். நோய் வந்தால் செலவு 1,000 ரூபாய். 50 பேர் திடமானவர். அவர்களுள் பத்தில் ஒருவருக்கே நோய் வரும். மற்ற 50 பேருள் பத்தில் மூவருக்கு வரும். யார் எத்தகையவர் என்பதைக் கம்பெனி அறியாது. ஆகவே சராசரி பார்த்து, எல்லோரிடமும் 200 ரூபாய் பிரீமியம் கேட்கிறது. தம் உடல்நிலையைத் தாமே அறிந்த திடமானவர்களுள் பலர், "100 ரூபாய் பெறுமானத்துக்கு 200 ரூபாயா?" என்று விலகுகின்றனர். அவர்கள் விலக விலக, பிரீமியம் 300-ஐ நோக்கி ஏறுகிறது. இதுவே பாதகத் தேர்வு.

கடனிலும் இதே கதைதான். வட்டி ஏறினால் நாணயமானவர் ஒதுங்குவர். திருப்பித் தராதவரே வாசலில் நிற்பர். 1970-ல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு இதனை விளக்கிய அக்கர்லாஃப், இந்தியக் கிராமக் கடனையும் எடுத்துக்காட்டினார்.

குறைந்த காப்பு மலிவாக, முழுக் காப்பு அதிக விலைக்கு என இருவகைப் பத்திரம் விற்றால் இரு சாராரும் தாமே பிரிவர் என்று 1976-ல் ராத்ஸ்சைல்டும் ஸ்டிக்லிட்ஸும் காட்டினர். ஆயினும் திடமானவருக்குக் கிட்டுவது அரைகுறைக் காப்பே. சில வேளைகளில் சமநிலையே அமையாது.

அனைவரையும் கட்டாயமாகச் சேர்த்தால் பிரீமியம் 200-லேயே நிற்கும். அப்போது பிறர்க்காக 100 ரூபாய் சுமப்பவர் திடமானவரே. அது நியாயமா என்பதைக் கணக்கு சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.