பசிக்குப் பழகிய உடம்பு

ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் நார்மன் தெல்வெல் 1953-இல் ‘பஞ்ச்’ இதழில் ஒரு மட்டக்குதிரையை வரைந்தார். உருண்ட வயிறு, கண்ணை மறைக்கும் முடி, முதுகில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. வாசகர்களுக்கு அது பிடித்துப்போனது. அவரும் தொடர்ந்து வரைந்தார். பிரிட்டனில் மட்டக்குதிரை என்றாலே அந்த உருண்டை வயிறுதான் நினைவுக்கு வரும் என்ற அளவுக்கு அந்தப் படங்கள் நிலைத்துவிட்டன. இன்று அந்த வயிறுதான் அங்குள்ள கால்நடை மருத்துவர்களின் பெரிய கவலை. பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படும் குதிரைகளைப் பற்றி ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. பார்த்த குதிரைகளில் 45 சதவீதம் கொழுத்தவை அல்லது மிகவும் கொழுத்தவை.

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, குதிரை கொழுப்பதும் ஒரு நோயா என்றுதான் முதலில் தோன்றும். நம் ஊர்க் குதிரைகளின் துன்பம் வேறு. இங்கே சொல்லவந்தது, செழித்த புல்வெளிகள் உள்ள குளிர்நாட்டில், பாசத்தைக் கொட்டி வளர்க்கப்படும் மட்டக்குதிரைகளைப் பற்றி.

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, ஏறக்குறைய 60 டிகிரி அட்சரேகையில் ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. மரமே அரிதான மண், ஓயாத காற்று. அங்கே உருவான மட்டக்குதிரை 107 செ.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது இனப்பதிவு விதி. கோடையில் கிடைக்கும் புல்லை எல்லாம் தின்று கொழுப்பாகச் சேர்த்துவைக்கும். குளிர்காலத்தில் காய்ந்த புதர்ச்செடிகளையும் கரையில் ஒதுங்கும் கடற்பாசியையும் கடித்தபடி அந்தக் கொழுப்பைச் செலவழித்து, விலா தெரிய வசந்தத்தைப் பார்க்கும். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குளிர்காலத்தில் வெளியே விடப்பட்ட ஷெட்லாந்து மட்டக்குதிரைகளை அளந்து பார்த்தபோது, கோடையைவிடக் குளிரில் அவற்றின் உடல் மிகக் குறைவான ஆற்றலையே செலவிட்டது தெரிந்தது. தீனி குறைந்தால் உடம்பே தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வேல்ஸ் மலைகள், எக்ஸ்மூர், டார்ட்மூர், அயர்லாந்தின் கன்னமாரா என்று மற்ற நாட்டு இனங்களும் இப்படிப்பட்ட சத்துக்குறைந்த மேய்ச்சலில் உருவானவைதான்.

உழைப்பும் அவற்றுக்குப் புதிதல்ல. பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கக்கூடாது என்று 1842-இல் பிரிட்டன் சட்டம் போட்டது. அதன்பிறகு அந்தத் தாழ்ந்த சுரங்க வழிகளில் கரித்தொட்டிகளை இழுக்க ஷெட்லாந்து மட்டக்குதிரைகள் ஏராளமாக இறக்கப்பட்டன.

இன்றைய மட்டக்குதிரை அதே உடம்போடு, கறவை மாடுகளுக்காகத் தேர்ந்தெடுத்து விதைத்த இனிப்பான ரைப்புல்லில் நிற்கிறது. வாரக்கடைசியில் மட்டும் அரைமணி சவாரி. குழந்தை வளர்ந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். குளிருக்கு முதுகில் போர்வை. மாலையில் வாளியில் தானியம். உடம்பு மட்டும் இன்னும் வராத பஞ்சத்துக்காகச் சேர்த்துவைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த உயிருக்குப் பெருந்தீனி என்று பெயர் வைப்பது அநியாயம்.

கொழுப்பு என்ன செய்கிறது? மனிதர்களில் இன்சுலினுக்கு உடல் சரியாக மசியாமல் போனால், கணையம் கொஞ்ச காலம் ஈடுகொடுத்துப் பிறகு தளர்ந்துவிடும். இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்தக் கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மட்டக்குதிரையில் கணையம் பெரும்பாலும் தளர்வதில்லை. மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துவிடும். சர்க்கரைப் பரிசோதனை மட்டும் செய்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அடி விழுவது குளம்பில்.

குளம்பின் வெளிச்சுவரின் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கால் எலும்பைப் போர்த்திய திசுவிலும் அதே மாதிரி மடிப்புகள். இவை நகமும் சதையும்போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, முழு உடல் எடையையும் தாங்குகின்றன. இன்சுலின் அளவு தொடர்ந்து உயர்ந்திருந்தால் இந்த மடிப்புகளின் செல்கள் நீண்டு, நெகிழ்ந்து, பிடியை விடுகின்றன. எடை அழுத்த அழுத்த எலும்பு கீழ்நோக்கித் திரும்பும். மோசமான நிலையில் குளம்பின் அடிப்பகுதியையே துளைத்துவிடும். லேமினைட்டிஸ் என்னும் இந்தக் குளம்பு அழற்சி வந்த குதிரை முன்கால்களை நீட்டி, எடையைப் பின்னங்கால்களில் சாய்த்து நிற்கும். கெட்டித்தரையில் நடக்கச் சொன்னால் ஒவ்வோர் அடியையும் அஞ்சி அஞ்சி வைக்கும். வலி தாங்கமுடியாமல் படுத்தேவிடும் குதிரைகள் சிலவற்றைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

இதில் குற்றவாளி இன்சுலின்தான் என்பது உறுதியானது 2007-இல். ஆஸ்திரேலியாவில் ஆஸ்ப்ளின் தலைமையிலான குழு, நோயில்லாத மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினை இரத்தநாளம் வழியாகத் தொடர்ந்து செலுத்தியது. சர்க்கரை இறங்கிவிடாமல் குளுக்கோஸையும் கூடவே கொடுத்தார்கள். இன்சுலின் பெற்ற 5 குதிரைகளுக்கும் 72 மணி நேரத்துக்குள் குளம்பு அழற்சி வந்துவிட்டது. அந்த 5 உயிர்கள் கொடுத்த விலை கனமானது. ஆனால் அதுவரை புல்லையும் தானியத்தையும் மட்டும் சந்தேகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சிகிச்சையை எங்கே தொடங்கவேண்டும் என்பது அதனால்தான் தெளிந்தது.

கொழுப்பைக் கண்ணால் மட்டும் அளக்கமுடியாது. அடர்ந்த குளிர்கால முடிக்குள் எதுவும் தெரியாது. நார் நிறைந்த தீனியால் வயிறு உப்பியிருப்பதும் கொழுப்பாகாது. கை வைத்துப் பார்க்கவேண்டும். லேசாகத் தடவினாலே விலா எலும்புகள் விரலில் தட்டுப்பட்டால் நல்லது. அழுத்தித் தேடவேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது என்று பொருள். அமெரிக்காவில் ஹென்னெகி 1983-இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை இப்படித் தொட்டுப்பார்ப்பதில்தான் நிற்கிறது. பிடரிமேட்டைத் தனியாகக் கவனிக்கவேண்டும். அங்கே கொழுப்பு திரண்டு, கையால் அசைக்கமுடியாதபடி இறுகினால் இன்சுலின் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

எடைமேடை இல்லாதவர்களுக்கு ஒரு நாடாவே போதும். மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு முனைவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் 206 கிலோ. எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாரந்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கை அளந்தால் எடை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும்.

இனி தீனி. எடையைக் குறைக்கவேண்டும் என்றதும் பலரும் முதலில் நினைப்பது பட்டினி போடுவதை. மட்டக்குதிரைக்கு, அதிலும் ஷெட்லாந்துக்கு, அது உயிருக்கே ஆபத்து. திடீரென்று தீனி நின்றால் சேர்த்துவைத்த கொழுப்பு வெள்ளமாக இரத்தத்தில் இறங்கும், கல்லீரலால் சமாளிக்கமுடியாது. எடுத்த இரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீர் பால்போல வெளுத்திருக்கும். ஹைப்பர்லிப்பீமியா என்னும் இந்த நிலைக்குப் போன பல குதிரைகள் பிழைப்பதில்லை. மேலும், குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரப்பது. நெடுநேரம் காலியாகக் கிடந்தால் புண்ணாகிவிடும்.

ஆகவே தீனி நிற்கக்கூடாது. அளவும் தரமும்தான் மாறவேண்டும். வழக்கமான கணக்கு, உடல் எடையில் 1.5 சதவீத உலர்தீனி. 200 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 3 கிலோ. காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் தராசில் சுமார் மூன்றரைக் கிலோ. இதற்கு வெகுவாகக் கீழே போவதென்றால் மருத்துவர் பக்கத்தில் இருக்கவேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கினால் போதும், அவசரப்படவேண்டியதில்லை. புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போய்விடும். எவ்வளவு போகும் என்பது புல்லுக்குப் புல் வெகுவாக மாறும் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்கமுடியாது. கூடவே தாதுக்களும் கரைவதால் தாது உப்பும் புரதமும் தனியாகக் கொடுக்கவேண்டும். பல் நன்றாக இருக்கும் குதிரைகளுக்குப் புல்லில் ஒரு பங்கைக் குறைத்து வைக்கோலை மெல்ல மெல்லச் சேர்க்கலாம். ஒரேயடியாக மாற்றினால் குடல் அடைத்துக்கொள்ளும். சின்னத் துளைகள் உள்ள வலைப்பையில் தீனியைத் தொங்கவிட்டால் அதே மூன்றரைக் கிலோவைத் தின்ன நெடுநேரம் ஆகும். தானியம், வெல்லப்பாகு கலந்த தீவனம், ஆப்பிள் இவற்றுக்கு இடமே இல்லை.

மேய்ச்சல்தான் கடினமான பகுதி. நன்றாகப் புல் இருக்கும் நிலத்தில் விடப்பட்ட மட்டக்குதிரைகள் ஆறாவது வாரத்தில் உடல் எடையில் கிட்டத்தட்ட 5 சதவீதம் உலர்தீனி அளவுக்குத் தின்றதை ஒரு பிரிட்டிஷ் ஆய்வு கண்டது. தேவையைப்போல மூன்று மடங்குக்கு மேல். சரி, நாளுக்கு 3 மணி நேரம் மட்டும் விடுவோம் என்றால், அதற்கும் அவை பழகிவிடுகின்றன. அந்த மூன்று மணியிலேயே நாள் முழுக்கத் தின்பதில் 40 சதவீதத்தை வேகவேகமாக முடித்துவிடுவதும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நேரத்தைக் குறைப்பதைவிட வாய்க்கூடை போடுவது பலன் தருவது இதனால்தான். அடியில் சின்னத் துளை உள்ள கூடை. புல்நுனி மட்டும் எட்டும். தின்னும் அளவு சுமார் 80 சதவீதம்வரை குறைகிறது. உரசிப் புண்ணாகிறதா, தண்ணீர் குடிக்கமுடிகிறதா என்று நாள்தோறும் பார்க்கவேண்டும். நாள் முழுக்கக் கட்டிவைக்கவும் கூடாது.

புல்லின் சர்க்கரை பொழுதோடு ஏறி இறங்கும். வெயிலில் சேர்ந்துகொண்டே வந்து பிற்பகலில் உச்சத்தைத் தொடும். இரவில் புல் அதைச் செலவழித்துவிடுவதால் விடியற்காலையில் குறையும். உறைபனி விழுந்த இரவு மட்டும் விதிவிலக்கு. குளிரில் புல் வளராததால் சர்க்கரை செலவாகாமல் தங்கிவிடும். பனி மின்னும் வெயில் காலையில் குதிரையை அவிழ்த்துவிடுவது அழகான காட்சிதான். அதன் குளம்புக்கு மிக ஆபத்தான வேளைகளில் அதுவும் ஒன்று.

உடற்பயிற்சி எதற்கு என்பதில் என் கருத்தை மாற்றியது மெல்போர்ன் குழுவின் 2019 ஆய்வு. கொழுத்த குதிரைகள், மட்டக்குதிரைகள் 24-ஐ எடுத்து, எல்லாவற்றுக்கும் தீனியைக் குறைத்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் வாரத்தில் 5 நாள் 15 நிமிடத் துரித ஓட்டம், முன்னும் பின்னும் கொஞ்சம் நடை. இரண்டு குழுக்களிலும் எடை ஒரேபோலத்தான் குறைந்தது. இன்சுலினுக்கு உடல் மசியும் தன்மை தேறியதோ ஓடிய குழுவில் மட்டும். தராசில் தெரியாத பலன் இது. குளம்பைக் காப்பாற்றுவதோ இந்தப் பலன்தான்.

சவாரிக்கு ஆளில்லாத சின்னக் குதிரைக்கும் வழி உண்டு. கையில் பிடித்து மேட்டுப் பாதையில் வேகமாக நடத்திப் போகலாம், பின்னாலிருந்து நீண்ட கடிவாளத்தில் ஓட்டலாம், வண்டி பூட்டலாம். அமெரிக்கரான ஜெய்மி ஜாக்சன், நெவாடாவின் காட்டுக்குதிரைகளைக் கவனித்து, 2006-இல் ஒரு யோசனை சொன்னார்: மைதானத்தின் ஓரமாகச் சுற்றுப்பாதை வேலியிட்டு, தண்ணீரை ஒரு முனையிலும் தீனியைப் பல இடங்களிலும் வைப்பது. குதிரை தானாகவே நாளெல்லாம் நடக்கும். குளம்பு வலியில் இருக்கும் குதிரைக்கு இவை எதுவும் கூடாது. அதற்கு மென்மையான படுக்கையும் மருத்துவரும் லாடம் கட்டுபவரும் முதலில் தேவை.

உரிமையாளர்கள் ஏற்கத் தயங்குவது குளிர்காலத்தைத்தான். ஆரோக்கியமான நாட்டு மட்டக்குதிரைக்குப் போர்வை வேண்டாம். மழைக்காற்றுக்கு ஒரு மறைப்பு போதும். உடம்பைச் சூடாக வைத்திருக்க அது கொழுப்பை எரிக்கட்டும். வசந்தப் புல் முளைக்கும்போது விலா லேசாகத் தெரிந்தால் பதறவேண்டாம். அந்த இனத்துக்கு அதுதான் இயல்பான ஆண்டுச்சுற்று.

இத்தனை செய்தும் எடை அசையாத குதிரைகள் உண்டு; எடை குறைந்த பின்னும் இன்சுலின் இறங்காதவையும் உண்டு. வயதான குதிரையில் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறு ஒளிந்திருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. நமக்குப் பழக்கமான மெட்ஃபார்மின் மாத்திரை குதிரையின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மனிதர்களின் சர்க்கரை நோய்க்கு வந்த எர்டுகிளிஃப்ளோசின் போன்ற புதிய மருந்துகள் இன்சுலினை வேகமாக இறக்குகின்றன. ஆனால் இரத்தக் கொழுப்பை ஏற்றும் ஆபத்து இருப்பதால், அடிக்கடி இரத்தம் சோதித்து, தீனியை நிறுத்தாமல்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். ஒருமுறை குளம்பு அழற்சி வந்த மட்டக்குதிரைக்கு, அது மெலிந்தே இருந்தாலும், வசந்தத்துக்கு முன்பு இன்சுலின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் புல்வெளிக் கதவைத் திறக்கவேண்டும்.