பிரேக் திடீரென்று போவதில்லை

மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வண்டிதான் சோறு போடுகிறது. நாமக்கல்லில் கேஸ் டேங்கர், சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் ஒரு பட்டறை இருக்கும். ஊர் சமவெளி. ஆனால் பெங்களூரு பக்கம் போய்த் திரும்பும் லாரி தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் வரவேண்டும். விடுமுறைக்கு ஆள் ஏற்றும் வேன் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டிலோ 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலோ இறங்கவேண்டும். 2020 டிசம்பர் 12 அன்று தொப்பூர் இறக்கத்தில் ஒரு சிமென்ட் லாரி முன்னால் இருந்த வண்டிகள்மீது அடுத்தடுத்து மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து மேலும் 4 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். ஆனாலும் மலைப்பாதை விபத்து என்றாலே, பிரேக் திடீரென்று பிடிக்காமல் போய்விட்டது என்ற விளக்கம் உடனே வந்துவிடுகிறது. அந்தத் ‘திடீரென்று’ பெரும்பாலும் உண்மையல்ல. பிரேக் சூடேறித்தான் கைவிடுகிறது. சூடேறும்போது வண்டி அதைப் பலவிதமாகச் சொல்லவும் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சூட்டின் அளவு புரியும். 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஆள் ஏற்றிய மூன்றரை டன் சுற்றுலா வேன் ஏற்காட்டிலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்குகிறது. அந்த ஆற்றல் நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி என்று எந்நேரமும் பாரத்தோடு ஓடும் கேரவன் வண்டிக்கு இது இன்னும் கூடும். காற்றும் டயரும் இதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்கவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்கவேண்டும்.

பிரேக் எப்படித் தோற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். லாரியின் டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கைவிட்டு விலகுகிறது. விலகிய தூரத்தை எட்ட, பிரேக் சேம்பரின் தண்டு இன்னும் நீள வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் தண்டு தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு கூடாது. இதற்குள் லைனிங்கும் கருகி வழுக்கத் தொடங்கியிருக்கும். வேனில் நடப்பது வேறு. அதன் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிதாக இருக்கையில் 230 டிகிரிவரை கொதிக்காத டாட் 4 ஆயில், ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் பஞ்சுபோல் மெத்தென்று தரைவரை போகிறது. இரண்டு வருடம் ஆயில் மாற்றாத வேன் முந்நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓடினாலும் இந்தக் குறை தெரியாது. மலையில்தான் தெரியும்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்பது பழைய நம்பிக்கை. லேசான சரிவில் வண்டி கொஞ்சம் கூடுதலாக உருளும் என்பது உண்மைதான். ஆனால் கணவாய் இறக்கத்தில் அப்படி உருளவிட முடியாது, பிடித்துப் பிடித்துத்தான் இறக்கவேண்டும். கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. அப்போது டீசல் செலுத்துவது நின்றுவிடும். பழைய பம்பின் கவர்னரும் இதைச் செய்யும், இன்றைய மின்னணுக் கட்டுப்பாடும் செய்யும். நியூட்ரலில்தான் எஞ்சின் நின்றுவிடாமல் ஓடுவதற்கு டீசல் போய்க்கொண்டே இருக்கிறது. புகைக்குழாயை அடைத்து எஞ்சின்வழியே வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் அப்போது உதவாது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்கள் இன்னும் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். லாரியின் ஏர் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசர் நின்றுவிடும், ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியிலுள்ள ஏர் குறைந்துகொண்டே போகும்.

சூடு எங்கே இருக்கிறது என்பதே கோளாறைக் கண்டுபிடிக்கப் பாதி வழி. வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, புறங்கையை ஹப்பைத் தொடாமல் அருகே கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். எல்லாச் சக்கரமும் ஒரேபோல் தகித்தால் குறை ஓட்டிய விதத்தில் இருக்கிறது, அல்லது ஏற்றிய பாரத்தில் இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பெரும்பாலும் அங்கே பிரேக் விடுபடாமல் உரசுகிறது. ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், கேம் இறுகியிருக்கலாம், வேனில் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம். இவை எதுவும் இல்லாமல் கிரீஸ் வற்றிய பேரிங்காகவும் இருக்கலாம். சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்கக் கூடாது. தானாக ஆறட்டும்.

அடுத்தது டேஷ்போர்டு விளக்கு. வேனில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கவில்லை, அல்லது ஆயில் குறைந்திருக்கிறது என்று பொருள். ஆயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது லைனிங் தேய்ந்ததால் மட்டம் இறங்கியிருக்கிறது. காரணம் பார்க்காமல் ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பது நோயை மறைப்பதாகும். லாரியில் ஏர் குறைந்ததற்கான விளக்கும் பஸ்ஸரும் அதைவிட அவசரமானவை. அழுத்தம் மேலும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கி, ஓடும்போதே பின்சக்கரங்களைச் சூடேற்றும். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் ஏபிஎஸ் நன்றாக இருக்கும்போதும் சக்கரம் இறுகிச் சறுக்குவதைத்தான் அது தடுக்கும், சூட்டைத் தடுக்காது. ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் மலையிறங்குவது தவறு.

சென்சார் பொய் சொல்லும் என்பார்கள். சேறு அடைத்தோ வயர் அறுந்தோ பொய்யாக எரிவதும் உண்டுதான். அதற்குச் சென்சாரைச் சரிசெய்வதே வழி. விளக்கின்மேல் டேப் ஒட்டுவதோ பல்பைக் கழற்றுவதோ அடுத்த முறை வரும் உண்மையான எச்சரிக்கையையும் சேர்த்துப் புதைத்துவிடும். விபத்துக்குச் சாலையின் சரிவுதான் குற்றவாளி என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தொப்பூர்ச் சாலையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அது திருந்தும்வரை இறங்குகிற வண்டிகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். டிரைவர்மேல் மட்டும் பழி போடுவதையும் ஏற்க முடியாது. லோடு நேரத்துக்குப் போகாவிட்டால் வாடகையில் பிடித்தம் செய்தால், கருகிய வாடை அடித்தாலும் அவர் நிறுத்தமாட்டார். பிரேக் ஆற அரைமணி நேரம் நின்றதற்காக ஒரு ரூபாயும் பிடிக்கமாட்டேன் என்று வண்டி முதலாளி முன்கூட்டியே சொல்லவேண்டும்.

மலைக்கு வேன் பேசும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. புறப்படுமுன், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்குகள் அப்போது எரியவேண்டும். எஞ்சின் ஓடி, ஹேண்ட் பிரேக்கை இறக்கியபின் பிரேக் விளக்கு அணையவேண்டும். ஏபிஎஸ் விளக்கு சில வண்டிகளில் நகர்ந்த பிறகே அணையும். சாவி திருப்பியும் எரியாத விளக்கு இருந்தால், அதைச் சரிபார்க்காமல் அந்த வண்டியில் மலை ஏறாதீர்கள்.