திதி தெரியும்; நோய் தெரியுமா?

கரமனையில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களில், கொள்ளுப்பாட்டனார் மறைந்த மாதம், பட்சம், திதி மூன்றையும் பிசகின்றிச் சொல்வார்கள். (அண்டை வீட்டு மலையாளத்தார் நட்சத்திரம் பார்ப்பர், நாம் திதியை விடவில்லை.) என்ன நோய் என்று கேட்டால் மட்டும், 'ஏதோ ஜுரம்' என்பதே விடை.

இதற்கு மறதி மட்டும் காரணமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் மரணப் பதிவேடுகளிலும் பாதிக்கு மேற்பட்ட சாவுகள் 'ஜுரம்' என்ற தலைப்பிலேயே அடங்கின. எழுதியவர்கள் கிராமக் காவற்காரரும் கிராம அதிகாரிகளும். வைத்தியம் கற்றவர்கள் அல்லர். வாந்திபேதியும் வைசூரியும் கண்ணுக்குத் தெரியும். மலேரியா, டைபாய்டு, க்ஷயம், பிரசவத்துக்குப் பின் வரும் ஜன்னி ஆகியவற்றை அவர்கள் எங்ஙனம் பிரித்தறிவார்கள்? இங்கிலாந்திலோ 1874ஆம் ஆண்டுச் சட்டமே வைத்தியரின் சான்றைக் கோரிற்று. ஆகவே அங்கே ஒரு ஜில்லாவின் சுகாதார அதிகாரி, குழந்தைகள் பேதியால் மடிகின்றனர் என்று கண்டு, பாலையும் சாக்கடையையும் கவனிக்க முடிந்தது. பெயர் தெரியாத நோயை எவர் தடுப்பது?

1901-11இல் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 23 ஆண்டுகள். எல்லோரும் இருபத்து மூன்றில் மாண்டனர் என்பது பொருளன்று. தொட்டிலிலேயே போன குழந்தைகள் அத்தனை பேர்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் சிலவற்றில் முந்திக்கொண்டது. அம்மை குத்துதலை 1879இலேயே சர்க்கார் உத்தியோகஸ்தர், மாணவர் முதலியோருக்குக் கட்டாயமாக்கியது. 1916இல் தைக்காட்டு மகளிர் மருத்துவமனைக்கு வந்த டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், நாட்டு மருத்துவச்சிகளின் மக்களுக்கே பிரசவப் பயிற்சி அளித்தார். மருத்துவச்சிகளைப் பகைக்காமல் தம் பக்கம் சேர்த்துக்கொண்ட அந்த யுக்தியை நாம் பெரிதும் மெச்சுகிறோம். நம் பாட்டிமார் குளித்துத் துவைத்த அதே கரமனையாற்றின் நீர், 1933இல் வடிகட்டப்பட்டுக் குழாயில் நகருக்கு வந்தது.

இன்றும் 'ஹார்ட் நின்றுவிட்டது' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எவர் இறந்தாலும் இருதயம் நிற்கத்தான் செய்யும். அதை நிறுத்தியது சர்க்கரை வியாதியா, சிறுநீரகக் கோளாறா என்பதன்றோ பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்? 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, கடைசியாகச் சிகிச்சை செய்த வைத்தியர் மரண காரணச் சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி உண்டு. அதை வாங்கி, திதி எழுதும் நோட்டில் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்ட அத்தைமார் வீட்டில் இருந்தால், பழைய 'ஜுரங்களை'ப் பற்றி இப்போதே கேட்டுவிடுங்கள்: எத்தனை நாள் நீடித்தது, இருமல் இருந்ததா, பிரசவமாகி எத்தனையாம் நாள் என்று.