நடக்கச் சொன்னால் நெஞ்சு படபடப்பது ஏன்?

மும்பை தாதர் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர் அவர். வயது 52. சொந்த ஊர் நெல்லைப் பக்கம், தாராவியில் குடித்தனம், ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சில வாரங்களாகப் படி ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. நின்றால் விட்டுவிடும். ஈ.சி.ஜி.யில் குறை ஒன்றும் தெரியவில்லை. "டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மகள் கல்யாணம், ஊரில் தாயாருக்கு அனுப்பும் பணம், பாக்கியுள்ள சர்வீஸ் எல்லாம் கண்முன் வந்து நின்றன. நடக்கும்போதே விழுந்துவிட்டால்? நோய் என்று தெரிந்து வேலை போய்விட்டால்? வலி வந்தாலும் வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

ஓட்டம் அல்ல, நடை

படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி., ஓய்வில் இருக்கும் இருதயத்தை மட்டுமே காட்டும். வேலை கொடுத்தால்தான் ரத்த ஓட்டத்தில் உள்ள குறை வெளிப்படும். அமெரிக்க டாக்டர் ராபர்ட் புரூஸ் 1963-ல் வெளியிட்ட முறையே இன்றும் பல இடங்களில் வழக்கத்தில் உள்ளது. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம்தான்; ஆனால் சற்று ஏற்றத்தில் நடக்க வேண்டும். பிறகு 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-ல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை நாடித் துடிப்பு உயர்கிறதா என்று பார்ப்பார்கள். 52 வயதுக்காரருக்கு அது சுமார் 143.

ஆபத்தே இல்லையா? உண்டு, ஆனால் மிகக் குறைவு. 1971-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சுமார் 1,70,000 சோதனைகளைக் கணக்கெடுத்தது. 10,000 சோதனைக்கு ஓர் உயிரிழப்பு என்ற அளவே அதில் தெரிய வந்தது. ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குவதும் எல்லோருக்கும் உள்ள வழக்கமே.

மனைவி சொன்னது

கையெழுத்துப் போடும்போது அவர் விரல் நடுங்கியது. கூட வந்த மனைவி சொன்னார்: "என்னங்க, வலிச்சா உடனே சொல்லிடுங்க. இங்க டாக்டர் இருக்காரு. பாலத்துல வந்தா யாரு இருக்கா?"

மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார்கள். ஏழாவது நிமிடம் நெஞ்சு இறுகியது. ஒரு கணம் பல்லைக் கடித்தார். பிறகு சொல்லிவிட்டார். டாக்டர் சோதனையை முடித்துப் படுக்க வைத்தார். சில நிமிடங்களில் வலி அடங்கியது.

இது பாஸ், ஃபெயில் பார்க்கும் பரீட்சை அல்ல. வலியை மறைத்து அதிக நேரம் நடப்பவருக்குப் பரிசு கிடையாது. மறைத்த வலி பாலத்தில் காத்திருக்கும்.

சோதனைக்குப் போகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம். வழுக்காத ஷூவும் தளர்ந்த உடையும் நல்லது. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டும். தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. பயமாக இருந்தால் அதையும் சொல்லலாம். சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலியும் வியர்வையும் வந்தால் சோதனைக்கு நாள் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அவருக்கு மாத்திரை கொடுத்து, ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நோய் இருக்கிறது என்று தெரிந்த அன்று இரவுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.