தன் பாட்டுக்குத் தானே உரியாள்

பாட்டியற்றுவோர் ஒருவர், அதனை அரங்கிற் பாடுவோர் மற்றொருவர், அதனை விற்றுப் பொருளீட்டுவோர் பிறிதொருவர் என்பது இக்கால இசையுலகின் பெருவழக்கு. இம்மூன்று தொழிலையும் ஒருவரே மேற்கொண்டு வாழ்தல் கூடுமோ? கூடும் எனச் செய்து காட்டியவருள் ஒருவர் அமெரிக்கப் பாடகி ஆனி டிபிராங்கோ அம்மையார். அவர் தமக்கென ஓர் ஒலியை அமைத்துக்கொண்டதும், தமக்கெனக் கேட்போரைத் திரட்டியதும் எவ்வாறென ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

அம்மையார் 1970ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்துப் பபலோ நகரிற் பிறந்தார். ஒன்பதாம் அகவையிலேயே கித்தார் பயிலத் தொடங்கினார். அவ்வூர்ப் பாடகர் மைக்கேல் மெல்ட்ரம் அவருக்கு ஆசிரியராயும் துணைவராயும் அமைந்தார். இளமையில் அவர் பாடிய இடங்களுள் மதுச்சாலைகள் பல. ஆங்குக் கூடுவோர் பாட்டுக் கேட்க வந்தவரல்லர். குடிக்கவும் உரையாடவும் வந்தவர். அவ்விரைச்சலினிடையே தனியொரு குரலும் தனியொரு கருவியும் செவிப்படுதல் எங்ஙனம்? இவ்விடுக்கணே அவரது இசைக்கு உருவளித்தது எனலாம். நரம்புகளை மெல்ல வருடாது, வன்மையாகத் தெறித்தும் தட்டியும் வாசித்தார். கித்தாரே முழவின் தொழிலையும் செய்தது. விரல்நகம் அதனைத் தாங்காமையால், செயற்கை நகங்களைப் பொருத்தி, மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றிக்கொண்டார். நரம்புகளின் சுருதியையும் பாட்டுக்கேற்ப மாற்றியமைத்தார். ஓங்கி ஒலித்த கருவியைத் திடீரென அடக்கி, தாழ்ந்த குரலிற் சொற்களைக் கேட்பித்தலும் அவர் முறை. குறையென நின்றதே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று.

இனி, கேட்போரைத் திரட்டிய வகையைக் காண்போம். 1990ஆம் ஆண்டில், நம்மையொத்த மாணவப் பருவத்தில், அவர் தம் முதற்றொகுதியைச் சுமார் 500 ஒலிநாடாக்களாகத் தாமே வெளியிட்டார். அதன்பொருட்டு ரைச்சஸ் பேப் ரெக்கார்ட்ஸ் என்னும் தம் சொந்த நிலையத்தையும் நிறுவினார். காரோட்டி ஊரூராய்ச் சென்று, கல்லூரிகளிலும் காப்பிக் கடைகளிலும் நாட்டுப்பாடல் விழாக்களிலும் பாடி, பாடிமுடித்த இடத்திலேயே ஒலிநாடாக்களை விற்றார். வாங்கியோர் படியெடுத்துத் தோழர்க்கு அளித்தனர். விளம்பரம் செய்யாததை வாய்மொழி செய்தது. பாணர் ஊர்தோறும் சென்று பாடிய செய்தியைப் பாடமாகப் பயிலும் நமக்கு இஃது விளங்காததன்று.

பெருங்கம்பெனிகள் அவரை அழைக்காமலில்லை; அவரே மறுத்தார். காரணம் யாது? கம்பெனி முன்பணம் தரும். ஆயின் ஒலிப்பதிவுச் செலவு முதலியவற்றைப் பாடகரின் பங்கிலிருந்தே கழித்துக்கொள்ளும். மூலப்பதிவின் உரிமையும் பெரும்பாலும் கம்பெனிக்கே போய்விடும். தாமே வெளியிடுவோர்க்கோ, செலவும் நட்டமும் தம்முடையனவாயினும், விற்கும் ஒவ்வொன்றிலும் பங்கு பெரிது; உரிமையும் கைவிட்டுப் போகாது. 1998ஆம் ஆண்டில் அவரது தொகுதியொன்று அமெரிக்க விற்பனை வரிசையில் 22ஆம் இடத்தை எய்தியது, அவ்வழி பொய்க்கவில்லை என்பதற்குச் சான்று.

ஆயினும் இவ்வழி எளிதன்று. ஆண்டுதோறும் நெடும்பயணம், ஓய்வோ சிறிது. 2005ஆம் ஆண்டில் மணிக்கட்டு நோயுற்று, பல திங்கள் பயணத்தை நிறுத்த நேர்ந்தது. தம்மைப் பற்றிய பேச்செல்லாம் வருவாய்க் கணக்காய் முடிவதும் அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. 1997ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை தம் விற்பனை ஊதியத்தைப் பாராட்டியபோது, தம் பாட்டையன்றிப் பணத்தை எண்ணிப் புகழ்தல் முறையோ எனும் கருத்துப்படப் பகிரங்கக் கடிதம் வரைந்தார்.

ஈட்டிய பொருளை என் செய்தார்? அச்சுவேலை முதலியவற்றைப் பபலோ நகரத்தார்க்கே அளித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மெதடிஸ்து ஆலயமொன்று அந்நகரில் 1990களில் இடிக்கப்படும் நிலையை எய்தியபோது, அதனை வாங்கிப் புதுப்பித்து, இசையரங்கும் தம் அலுவலகமும் ஆக்கினார். வழிபாடு நின்ற மண்டபத்தில் பாட்டேனும் நில்லாதிருத்தல் நமக்கு ஆறுதலே.

யாவரும் இவ்வாறு வெற்றி பெறுவரென்று யாம் கூறேம். எனினும் எழுத்தோ இசையோ கற்கும் இளைஞர், தம் ஆக்கத்தை விலைபேசுமுன், தாம் விற்பது படியையோ உரிமையையோ என்று ஒருமுறை நின்று வினாவுதல் நலம். படியை விற்றவன் நாளையும் பாடுவான். உரிமையை விற்றவனோ தன் பாட்டைத் தானே வெளியிடவும் பிறர் இசைவை நாடி நிற்பான்.