உங்க வீட்டுச் சுவரில் இருப்பது எந்தப் பல்லி?

“பெரிய பல்லி இருக்கா? லட்சக்கணக்கில் பணம் தர்றோம்!” இப்படி ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப்புக்கு வந்தால் என்ன செய்வீங்க? பதில் போடுவதற்கு முன், நம்மைச் சுற்றி இருக்கும் பல்லிகளைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம்.

வீட்டுப் பல்லி: டியூப்லைட் பக்கத்தில் ‘இச் இச்’ என்று சத்தம் போடுவது இதுதான். பகலில் சாம்பல் கலந்த பழுப்பாகவும், இரவில் வெளிறியும் தெரியும். உற்றுப் பார்த்தால் வாலில் வரிசையாகச் சிறு முட்கள் இருக்கும். விரல்களின் அடியில் உள்ள மிக நுண்ணிய மயிரிழைகள்தான் இதைக் கண்ணாடியில்கூட ஏற வைக்கின்றன. கண்ணுக்கு அசையும் இமை கிடையாது. அதனால் நாக்காலேயே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

மரப்பல்லி: வீட்டுப் பல்லியைவிடப் பெரியது. முதுகில் அலை அலையாகக் கரும்பட்டைகள் இருக்கும். புளிய மரம், வேப்ப மரம் போன்றவற்றின் பட்டையோடு நிறம் கலந்துவிடுவதால் சட்டென்று கண்ணுக்குப் படாது. பழைய வீடுகளுக்குள்ளும் வரும்.

புற்றுப் பல்லி: வறண்ட நிலம், கல் இடுக்கு, கறையான் புற்று ஆகியவை இதன் இடம். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இரவில் தரையில் இரை தேடும்.

பகல் பல்லி: மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளிலும் மரங்களிலும் வாழும் சிறிய இனங்கள். இரவில் திரியும் வீட்டுப் பல்லியின் கண்மணி செங்குத்துக் கோடாக இருக்கும். இவற்றுக்கு வட்டமாக இருக்கும். விரல்கள் மெலிந்தவை, அடியில் அகலமான பட்டை இருக்காது.

பொன்பல்லி: காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் நாம் தொட்டு வணங்குவது தங்கப் பல்லியின் உருவம். உயிருள்ள பொன்பல்லியின் வீடு கிழக்குத் தொடர்ச்சி மலை. திருமலைப் பாறைகளிலும், நம் வட மாவட்டக் குன்றுகளிலும் குளிர்ந்த பாறை இடுக்குகளில் வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி பொன்மஞ்சளாக மாறும். பல பெண் பல்லிகள் ஒரே பாறையில் முட்டைகளை ஒட்டி வைக்கும். அந்த ஒரு பாறையை உடைத்தால் பல குடும்பங்கள் அழிந்துவிடும்.

சரி, அந்த ‘லட்ச ரூபாய்’ பல்லி எது? பெரும்பாலும் டோக்கே பல்லியைத்தான் சொல்கிறார்கள். சாம்பல் நீல உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள். ஒரு அடி நீளம்கூட வளரும். இந்தியாவில் இது வடகிழக்கு மாநிலங்களிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்வது. நம் ஊர்ச் சுவரில் இருப்பது அல்ல. இதில் எய்ட்ஸுக்கு மருந்து இருக்கிறது என்ற பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

பொன்பல்லியும் டோக்கே பல்லியும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை. பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம். ஆசைப்பட்டு ஒரு போன் பேசினவர்கூட வழக்கில் மாட்டிக்கொள்ள நேரலாம்.

நீங்க செய்ய வேண்டியது:

• பல்லியைப் படம் எடுங்க; பிடிக்காதீங்க. பயந்தால் வாலை உதிர்த்துவிடும். மீண்டும் வளர்ந்தாலும் அதுக்கு அது பெரிய இழப்பு.

• பல்லிக்கு விஷம் இல்லை. ஆனால் அதன் உடம்பிலும் எச்சத்திலும் கிருமிகள் இருக்கும். பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுங்க. பாத்திரங்களை மூடி வைங்க.

• ‘பல்லி வாங்குறோம்’ என்ற செய்தியை யாருக்கும் அனுப்பாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தெரிவியுங்க.

• முன்பணம் என்று சொல்லி உங்களிடம் பணம் பறித்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்க.

டியூப்லைட் அடியில் காத்திருக்கும் அந்தப் பல்லி, உங்க வீட்டுப் பூச்சிகளைச் சம்பளம் இல்லாமல் பிடித்துத் தருகிறது. அதை அங்கேயே இருக்க விடுங்க.